உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது கொலையா? ஓர் எளிய விளக்கம்

நினைவில்லாமல் கிடக்கும் ஒரு நோயாளியின் வென்டிலேட்டரை எடுக்கலாமா கூடாதா என்ற வழக்கு செய்தியில் வரும்போதெல்லாம், பேச்சு "கருணைக்கொலை" என்ற ஒரே சொல்லில் போய் முட்டிக்கொள்கிறது. மூளைச்சாவு, கோமா, விஷ ஊசி, குழாயை எடுப்பது எல்லாமே ஒரே பையில் விழுகின்றன. ஒருவர் "கொன்றுவிட்டார்கள்" என்கிறார். இன்னொருவர் "விடுதலை கொடுத்தார்கள்" என்கிறார். உண்மையில் என்ன நடந்தது என்பது இரண்டிலும் வருவதில்லை. இந்தக் குழப்பத்தின் சுமையைத் தூக்குபவர்கள் ஐ.சி.யு. வாசலில் நிற்கும் குடும்பத்தார்தான். கொலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டோமோ என்ற உறுத்தலோடு அவர்கள் வருஷக்கணக்கில் வாழ நேர்கிறது. விஷயம் புரிந்தால் துக்கம் குறையாது. அந்த உறுத்தல் குறையும்.

## கருவி வாங்கித் தருவது நேரம்

சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை சுவரைத் தாங்குகிறது, சரிசெய்வதில்லை. கொத்தனார் வந்து அடியைப் பலப்படுத்தும்வரை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அஸ்திவாரமே போய்விட்டிருந்தால், எத்தனை மாதம் முட்டு நின்றாலும் சுவர் தானாக நிற்கப் போவதில்லை.

உயிர்காக்கும் சிகிச்சை என்பதும் இந்த வகைதான். உடல் தானாகச் செய்ய முடியாமல் போன ஒரு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு உயிரை ஓடவைக்கும் சிகிச்சை அது. அடிப்படை நோயை அது தொடுவதில்லை. நுரையீரலின் வேலைக்கு வென்டிலேட்டர், சிறுநீரகத்தின் வேலைக்கு டயாலிசிஸ், இறங்கிப்போகும் ரத்த அழுத்தத்துக்குச் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்து, விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ போடும் உணவுக் குழாய்.

வென்டிலேட்டரை எடுத்துக்கொள்வோம். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது. அதன் நுனிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன பலூனை ஊதியதும், காற்று ஓரமாகக் கசியாமல் அடைபடுகிறது. நிமிஷத்துக்கு இத்தனை முறை, ஒரு முறைக்கு இவ்வளவு என்று கருவி காற்றை உள்ளே தள்ளுகிறது. அவ்வளவுதான். நிமோனியாவை அது குணப்படுத்தாது. ஆன்டிபயாடிக் வேலை செய்யும்வரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைக்கும்.

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் வந்து குவிந்தபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அமுக்கி அவர்களுக்குக் காற்று கொடுத்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் சொன்ன வழி அது. செத்துப்போயிருக்க வேண்டிய பலர் பிழைத்தார்கள். இன்றைய ஐ.சி.யு. அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அன்று சாதித்தது, தசைகள் தேறும்வரை அந்த இடைக்காலத்தைக் கடத்தியது. தேறவே போகாதவருக்கும் அதே காற்றை முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே இருக்க முடியும் என்பது பிற்பாடுதான் உறைத்தது. இந்த விஷயத்தில் உள்ள சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

## எந்த நிலையில் இருக்கிறார்?

மூளைச்சாவு மரணமேதான். மூளையும், மூச்சைத் தூண்டும் மூளைத்தண்டும் திரும்ப முடியாதபடி நின்றுவிட்டன என்பது பொருள். அப்படியானால் இதயம் எப்படித் துடிக்கிறது? இதயத்துக்குத் தனக்கென்று ஒரு மின்தூண்டல் உண்டு; ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை அது கொஞ்ச காலம் துடிக்கும். இதை உறுதிசெய்யும் சோதனைகளில் முக்கியமானது மூச்சு நிறுத்தச் சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற நெஞ்சு ஒரு தடவையாவது அசைகிறதா என்று பார்ப்பார்கள். உயிருள்ள மூளைத்தண்டு அந்த வாயுவின் நெருக்கடியைத் தாங்காது, மூச்சை இழுத்தே தீரும். 1968-ல் ஹார்வர்டு குழு ஒன்று மூளைச்சாவுக்கான அடையாளங்களை வகுத்தது. இந்தியாவில் 1994-ம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை வரையறுத்தது. மூளைச்சாவு உறுதியான பிறகு கருவியை எடுப்பது, இறந்தவரிடமிருந்து கருவியை எடுப்பது. சிகிச்சையை நிறுத்தலாமா என்ற தர்மசங்கடமான கேள்வி, உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது மட்டுமே.

கோமா என்றால் கண் மூடியே இருக்கும், எழுப்ப முடியாது. அது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை; நோயாளி விழிப்பார், அல்லது இறப்பார், அல்லது அடுத்த நிலைக்குப் போவார்.

அந்த அடுத்த நிலைதான் குடும்பங்களை வதைப்பது. உணர்வற்ற விழிப்பு நிலை. செய்திகளில் "தாவர நிலை" என்று வருவது. மூளைத்தண்டு வேலை செய்கிறது, சிந்திக்கும் மேல்மூளை சிதைந்திருக்கிறது. ஆகவே கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், முகம் சுளிக்கும், முனகலும் கேட்கும், மூச்சு தானாகவே வரும். ஆனால் தன்னைப் பற்றியோ சுற்றியிருப்பதைப் பற்றியோ எந்த உணர்வும் தெரிவதில்லை. "அம்மா என்னைப் பார்த்தாள்" என்று மகள் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. கண் அவள் பக்கம் திரும்பியது உண்மை. அதற்குப் பின்னால் பார்ப்பவர் இருந்தாரா என்பதை ஒரு திரும்பலை வைத்துச் சொல்ல முடியாது.

சில சமயம் இருப்பார். கண்ணாடியை அசைத்தால் பார்வை தொடரும், "கையை அமுக்கு" என்றால் எப்போதாவது அமுக்குவார். அது மிகக்குறை உணர்வு நிலை. தேறும் வாய்ப்பு இதில் கூடுதல். வெளியே ஓர் அசைவும் இல்லாமல் உள்ளே உணர்வோடு இருப்பவர்களும் உண்டு. 2006-ல் உணர்வற்றவர் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையை ஸ்கேன் எடுத்தபோது, ஆரோக்கியமானவர்களின் மூளையில் தெரியும் அதே பகுதி அவருக்கும் விழித்துக்கொண்டது. 2024-ல் வெளியான ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக அசையாத 241 பேரில் 60 பேரிடம் இப்படியான மறைவான பதில் கிடைத்தது. நான்கில் ஒருவர்.

இந்த எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது, திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. பழைய வழிகாட்டல்படி ஆக்ஸிஜன் கிடைக்காமல் மூளை கெட்டவருக்கு 3 மாதம், தலையில் அடிபட்டவருக்கு 12 மாதம் பார்த்த பிறகே நிலை மாறாது என்று பேசுவார்கள். அதற்குப் பிறகும் அபூர்வமாகச் சிலர் கொஞ்சம் தேறியதுண்டு. அதே சமயம், உள்ளே உணர்வு இருக்கிறது என்பதே சிகிச்சையைத் தொடர்ந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. அசையவோ பேசவோ வழியில்லாமல் எல்லாம் தெரிந்தபடி படுத்திருப்பதைச் சிலர் சாவைவிட மோசமாக நினைக்கலாம்.

இதுவரை வந்தது: கருவி நேரம் வாங்கித் தருகிறது. அந்த நேரத்தால் பயன் உண்டா என்பது, நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இது மருத்துவக் கேள்வி. அடுத்தது வேறு வகைக் கேள்வி.

## குழாயை எடுப்பதும் ஊசி போடுவதும்

சுவருக்கு விருப்பம் கிடையாது. மனிதருக்கு உண்டு. முட்டு உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

ஒருவர் உடம்பில் குழாய் விடவும், ஊசி போடவும், கத்தி வைக்கவும் அவருடைய சம்மதம் வேண்டும். நினைவோடு இருக்கும் ஒரு வயதுவந்தவர், "இனி டயாலிசிஸ் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்" என்றால், அதனால் சில நாட்களில் இறப்பார் என்று தெரிந்தாலும், கட்டிப்போட்டு டயாலிசிஸ் செய்ய முடியாது. அவர் இறந்தால் மருத்துவர் கொன்றார் என்று யாரும் சொல்வதில்லை. சிறுநீரக நோய் கொன்றது. நினைவு போனதால் அந்த உரிமை போய்விடுவதில்லை. அதைச் சொல்லும் வாய்தான் போகிறது.

ஆகவே "இவர் சாகலாமா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியது: இந்தச் சிகிச்சையை இவர் உடம்பின் மேல் தொடர்ந்து செய்ய நமக்கு அனுமதியும் காரணமும் இருக்கிறதா? கேள்வியை இப்படித் திருப்பிவைத்ததுதான் இந்தத் துறையில் கடந்த ஐம்பது வருடங்களில் நடந்த முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். ஒரு சிகிச்சையை நிறுத்துவதற்கு மட்டுமல்ல, தொடர்வதற்கும் நியாயம் சொல்லியாக வேண்டும்.

இதைக் கண்ணெதிரே காட்டிய வழக்கு காரென் ஆன் குவின்லனுடையது. 1975-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், 21 வயதில், மூச்சு நின்று மூளை கெட்டு வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். அதை எடுக்கச் சொன்னார்கள் பெற்றோர். மருத்துவர்கள் மறுத்தார்கள். 1976 மார்ச்சில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. கருவியைப் படிப்படியாகக் குறைத்து எடுத்தார்கள். அவர் இறக்கவில்லை. தானாக மூச்சு விட்டார், 1985 ஜூன் வரை நினைவு திரும்பாமலே உயிரோடு இருந்தார். உணவுக் குழாயை எடுக்கும்படி பெற்றோர் கேட்கவே இல்லை. மகள் மேல் ஏற்றிவைத்த ஒரு கருவி வேண்டாம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள், சாவைக் கேட்கவில்லை.

விஷ ஊசியில் இந்த இடைவெளி கிடையாது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசி போட்டவர் இறப்பார்; இறப்பதே அதன் நோக்கம். நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா போன்ற சில நாடுகளில் கடுமையான நிபந்தனைகளோடு, நோயாளி தானே கேட்டுக்கொண்டால் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் அது குற்றம். சிகிச்சையை நிறுத்துவது இரண்டு நாடுகளிலும் சட்டப்படி நடக்கக்கூடியது.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. சொத்துக்கு ஆசைப்பட்ட உறவினர் ராத்திரியில் வந்து வென்டிலேட்டரைப் பிடுங்கினால் அது கொலைதானே? கொலைதான். கை செய்யும் வேலை ஒன்றே. மருத்துவர் செய்யும்போது அது வேறாவது, நோயாளியின் விருப்பமும் நலனும் பார்த்து, பொறுப்புள்ளவர்கள் கூடி, பதிவுசெய்து எடுத்த முடிவு என்பதால். அந்த நடைமுறையைக் கழித்துவிட்டால் வித்தியாசமும் போய்விடும். அதனால்தான் சட்டம் நடைமுறையில் இத்தனை கறாராக இருக்கிறது.

## தொடங்காமல் இருப்பதும், பாதியில் நிறுத்துவதும்

"முதலிலேயே போடாமல் இருந்திருக்கலாம், போட்ட பிறகு எப்படி எடுப்பது?" இதைச் சொல்லாத குடும்பம் அபூர்வம். மனசுக்கு இரண்டும் வேறாகத்தான் படுகிறது. ஒன்றில் கை சும்மா இருக்கிறது, மற்றதில் கை எதையோ செய்கிறது. இஸ்ரேலின் 2005-ம் வருடச் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது: ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தக் கூடாது, ஆனால் டயாலிசிஸ் மாதிரி தவணை தவணையாகச் செய்வதன் அடுத்த தவணையைச் செய்யாமல் விடலாம். வென்டிலேட்டருக்கும் டைமர் வைத்து அதைத் தவணைச் சிகிச்சை மாதிரி ஆக்கலாம் என்ற யோசனையும் அங்கே வந்தது.

பெரும்பாலான மருத்துவ அறநெறியாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே வைக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. போட்டால் எடுக்கவே முடியாது என்ற பயம் இருந்தால், பிழைக்க ஒரு சின்ன வாய்ப்பு உள்ளவருக்கும் மருத்துவர் கருவியைப் போடத் தயங்குவார். எடுக்கலாம் என்று தெரிந்தால் துணிந்து போட்டுப் பார்க்கலாம். இதைக் கெடு வைத்த சிகிச்சை என்பார்கள்: இத்தனை நாள் பார்ப்போம், இன்ன முன்னேற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோம் என்று முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தொடங்குவது.

## சோறு தண்ணீரை நிறுத்துவதா?

உணவுக் குழாய் விஷயத்தில் எவருக்கும் நெஞ்சு அடைக்கும். பட்டினி போடுகிறோமா என்ற கேள்வி எழாமல் இருக்காது.

இங்கிலாந்தில் டோனி பிளாண்டின் வழக்கு இந்தக் கேள்வியோடுதான் மோதியது. 1989-ல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் நெஞ்சு நசுங்கி மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல், உணர்வற்ற விழிப்பு நிலைக்குப் போன இளைஞர் அவர். மூச்சு தானாக வந்தது. எடுக்க வென்டிலேட்டரே இல்லை, உணவுக் குழாய்தான். 1993-ல், அப்போது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், குழாய் வழி உணவும் மருத்துவச் சிகிச்சைதான், அதனால் அவருக்கு நன்மை ஏதும் இல்லாதபோது தொடர வேண்டிய கடமை மருத்துவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. உணவு கொடுப்பது சிகிச்சை அல்ல, மனிதருக்கு மனிதர் செய்யும் அடிப்படைக் கடமை என்பது பல மத மரபுகளின் நிலை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வாயருகே ஸ்பூனைக் கொண்டுபோவதும் வயிற்றைத் துளைத்துக் கருவியால் திரவத்தைச் செலுத்துவதும் ஒன்றல்ல. வாய் திறந்து கேட்பவருக்கு உணவு மறுக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சாவுக்கு நெருங்கிய உடம்பில் பசி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. வாய் உலர்வதுதான் தொந்தரவு, அதற்கு ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைப்பார்கள்.

## நிறுத்தும் அன்று நடப்பது

"ப்ளக்கைப் பிடுங்குவது" என்று பேச்சில் சொல்வதைக் கேட்டால், ஒரு சுவிட்ச், அப்புறம் மூச்சுத் திணறல் என்று கற்பனை ஓடும். சரியாகச் செய்யும் இடத்தில் அப்படி நடப்பதில்லை. தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து ஏறிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தி, அதன் வேகம் முழுதும் அடங்கக் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் நோயாளி தவித்தாலும் வெளியே தெரியாது. மூச்சுத் தவிப்பு வராமலிருக்க மார்பினும் பதற்றம் தணிக்கும் மருந்தும் முன்கூட்டியே ஏறும். மானிட்டர் அலாரத்தை அணைப்பார்கள். கருவியின் உதவியை மெல்லக் குறைத்து, தொண்டைச் சளியை உறிஞ்சி எடுத்து, பலூனின் காற்றை இறக்கி, குழாயை வெளியே எடுப்பார்கள். கரகரவென்று ஒரு சத்தம் வரலாம். சேர்ந்த சளியில் காற்று உரசுவது அது. முன்பே சொல்லி வைக்காவிட்டால் கூட இருப்பவர்களை அது மிகவும் கலங்கடிக்கும். சிலர் நிமிஷங்களில் இறப்பார்கள், சிலர் மணிக்கணக்கில், சிலர் நாட்கணக்கில் இருப்பார்கள். அதுவரை தவிப்பைத் தணிக்கும் கவனிப்பு நிற்காது. அதற்குத்தான் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். தவிப்புக்கு ஏற்ற அளவில் மார்பின் கொடுப்பது கொல்வதற்காக அல்ல; தவிப்புக்குச் சம்பந்தமில்லாமல் அளவைக் கூட்டினால் அது வேறு காரியம்.

## வாய் பேச முடியாதவருக்காக யார் பேசுவது?

நோயாளி எழுதி வைத்திருந்தால் அதுவே முதல் குரல். எழுதாதபோது குடும்பத்தில் ஒருவர் பதிலாளாக, அதாவது அவர் சார்பில் முடிவு சொல்பவராக, நிற்கிறார். அவரிடம் "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று கேட்பது தவறு. "இந்த நிலையில் இருப்பது அவருக்குத் தெரிந்தால் அவர் என்ன சொல்வார்?" என்பதே கேள்வி. அதற்கும் துப்பு இல்லையென்றால், அல்லது கைக்குழந்தை போல ஒருபோதும் விருப்பம் சொல்லியிராதவர் என்றால், அவருக்கு எது நலம் என்று பார்க்க வேண்டும்.

நெருங்கியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த ஒரு கணக்கு, நோயாளியின் விருப்பத்தைப் பதிலாட்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம் என்கிறது. மூன்றில் ஒரு தடவை தப்பு. அன்பு இல்லாததால் வரும் தப்பல்ல; பேசாததால் வருவது.

எழுத்து இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு அமெரிக்க வழக்குகள். 1983-ல் கார் விபத்தில் மூளை கெட்ட நான்சி குரூசனின் பெற்றோர் உணவுக் குழாயை எடுக்கக் கேட்டார்கள். 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிகிச்சையை மறுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, ஆனால் அவர் மறுத்திருப்பார் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கேட்க மாநிலத்துக்கும் உரிமை உண்டு என்றது. அவருடன் பழகியவர்கள் வந்து அவர் பேசியதைச் சாட்சி சொன்ன பிறகே அந்த டிசம்பரில் குழாய் எடுக்கப்பட்டது. டெர்ரி ஷியாவோ 1990-ல் நினைவிழந்தார். அவர் விரும்பமாட்டார் என்று கணவரும், விரும்புவார் என்று பெற்றோரும் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் மோதி, ஆளுநரும் நாடாளுமன்றமும் தலையிட்டு, 2005-ல்தான் முடிந்தது. ஒரு பக்கக் காகிதம் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இப்படி ஊரறிய உடைந்திருக்காது.

## சட்டம் கேட்கும் படிகள்

இங்கிலாந்தில் குடும்பமும் மருத்துவர்களும் ஒத்துப்போனால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை என்று 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருத்து வேறுபாடோ சந்தேகமோ இருந்தால் போக வேண்டும்.

இந்தியாவில் பாதை திறந்தது அருணா ஷான்பாக் வழக்கில். 1973-ல் மும்பை மருத்துவமனையில் தாக்கப்பட்டு மூளை கெட்ட செவிலியர் அவர். 2011-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உணவை நிறுத்த அனுமதிக்கவில்லை. அவரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற பொது விதி அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. அருணா 2015-ல் நிமோனியாவில் இறந்தார். 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. பேச்சில் லிவிங் வில் என்பது இதைத்தான்: பின்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று நினைவோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. அன்று வகுத்த நடைமுறை பின்பற்றவே முடியாத அளவு சுற்றுவழியாக இருந்ததால், 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். நேரம் வரும்போது, சிகிச்சை தரும் மருத்துவர் உள்ள முதல் குழுவும், அதில் இல்லாத நிபுணர்களைக் கொண்ட இரண்டாம் குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஆவணம் இல்லாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழுப் பாதை உண்டு.

சுருக்கமாக: நோயாளியின் விருப்பம் முதலில், அது தெரியாவிட்டால் அவர் நலன், மருத்துவ முடிவை ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சோதிக்க வேண்டும், தகராறு வந்தால் நீதிமன்றம். நாட்டுக்கு நாடு படிகள் மாறினாலும் எலும்புக்கூடு இதுதான்.

## எழுதும்போது கவனிக்க வேண்டியது

"எனக்கு எந்த மெஷினும் வேண்டாம்" என்று எழுதுவதால் பெரிய பயன் இல்லை. நிமோனியாவுக்கு நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து நடக்கக்கூடியவருக்கும் அந்த வரி குறுக்கே நிற்கும். கருவியின் பெயரைவிட நிலையை எழுதுவது உதவும்: யாரையும் அடையாளம் தெரியாமல், மீளும் வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லும் நிலையில் என்னைக் குழாயில் வைத்திருக்க வேண்டாம், மீள வாய்ப்பு இருந்தால் இத்தனை வாரம் முயன்று பாருங்கள். நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிப்பது வேண்டாம் என்பது தனி முடிவு. அதை எழுதினால், மற்ற சிகிச்சை எதையும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பதிலாள் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அவர் மறுத்தாலோ இல்லாமல் போனாலோ இன்னொருவரை. இருவரிடமும் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காகிதத்தில் எழுதாத ஒரு நிலை வந்தால் அவர்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காரணம்தான். ஒரு பிரதி குடும்பத்திடமும் ஒன்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் இருக்கட்டும். மனசு மாறினால் மாற்றி எழுதலாம், கிழித்தும் போடலாம். நினைவோடு நீங்கள் சொல்லும் சொல்லுக்கு முன்னால் அந்தக் காகிதம் செல்லாது.